நம் கதையை நாமே வரைதல்
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திண்ணையில் மாலை நேர வகுப்பாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று ஒலக்கூரில் வெள்ளி விழாக் காண்கிறது. அன்று திண்ணையில் அமர்ந்து படித்த பிள்ளைகளுள் சிலர் இன்று மேடையில் அமர்ந்திருக்கின்றனர். அதைக் கண்ட பின்னர் நாம் சொல்லிப் புகழ வேண்டுவது ஒன்றுமில்லை. தேர்ச்சி விழுக்காடு, உதவித்தொகை, விடுதி ஆகியன குறித்து நமக்கு முன் பேசியோர் தெளிவாகவே எடுத்துரைத்தனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். கேட்டவுடன் சிலர் நகைக்கவும் கூடும். நாம் பேச விழைவது படக்கதையைப் பற்றி.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டில் இரும்புக்கை மாயாவியின் கதையோடு வெளிவரத் தொடங்கியது. நாம் பள்ளியில் பயின்ற 1980களில் அவ்விதழ்கள் பல கை மாறி, அட்டை கிழிந்து, முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் இழந்த நிலையில்தான் நம் தெருவிற்கு வந்து சேரும். ஆதலின் முடிவு தெரியாத கதைகளாகவே பலவற்றைப் படித்தோம். பாடப் புத்தகத்தின் நடுவே வைத்துப் படிப்போம். ஆசிரியர் கண்டால் பிரம்படி கிடைக்கும். பின்னாளில் நாமே ஆசிரியரானபோது அந்தப் பிரம்பு நம் கைக்கு வந்தது. படக்கதை என்றால் படிப்பைக் கெடுப்பது என்ற எண்ணமும் அதனோடு வந்தது. அந்த எண்ணத்தால் நேர்ந்த ஒரு பிழையைப் பின்னர் சொல்வோம்.

அக்கதைகளில் மாயாவிகள் இருந்தனர், துப்பறிவாளர்கள் இருந்தனர், குதிரை ஏறிய வீரர்கள் இருந்தனர். நம்மைப் போன்ற ஒரு பிள்ளை இல்லை. ஆனால் உலகில் இதே படக்கதை வடிவத்தை வேறொரு பணிக்கும் கையாண்டுள்ளனர். ஒருவர் தாம் வளர்ந்த கதையை, பட்ட துன்பத்தை, மீண்ட வழியைப் படமும் சொல்லுமாகத் தாமே எடுத்துரைக்கும் நூல்கள் உண்டு. அவற்றைச் சித்திரத் தன்வரலாறு என்று நாம் இங்குக் குறிப்போம்.

ஆர்ட் ஸ்பீகல்மன் என்னும் அமெரிக்க ஓவியர், யூதரான தம் தந்தை இட்லரின் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்த வரலாற்றை 'மௌஸ்' என்ற பெயரில் இரு தொகுதிகளாக 1986லும் 1991லும் வெளியிட்டார். அதில் யூதர்கள் எலிகள்; நாஜிகள் பூனைகள். அந்நூல் 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஈரானில் 1979ஆம் ஆண்டுப் புரட்சியின்போது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த மர்ஜானே சத்ரபி, பள்ளியில் முக்காடு கட்டாயமானதையும், போர் வந்ததையும், தம் வீடு அஞ்சி வாழ்ந்ததையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக வரைந்தார். பிரெஞ்சு மொழியில் 2000 முதல் 'பெர்சபொலிஸ்' என வெளியான அந்நூல் 'ஈரான்' என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. ஒரு நாட்டின் பெருவரலாறு ஒரு சிறுமியின் வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை அதில் காணலாம்.

நமக்கு நெருக்கமான நூலுக்கு இனி வருவோம். அண்ணல் அம்பேத்கர் 1930களின் நடுவில் தம் வாழ்வில் நேர்ந்த தீண்டாமை அனுபவங்களைச் சுருக்கமான நினைவுக் குறிப்புகளாகத் தம் கைப்பட எழுதி வைத்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பது அதன் பெயர். அக்கையெழுத்துப் படி அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டு காத்திருந்து, 1990இல்தான் சிறு நூலாக அச்சேறியது. அதனை வெளியிட்டது எது? அண்ணலே 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம். ஒரு கல்விச் சங்கம் காப்பாற்றித் தந்த தன்வரலாறு அது என்பதை, மற்றொரு கல்விச் சங்கத்தின் விழாவில் நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

அக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு 2011ஆம் ஆண்டில் நவயானா பதிப்பகம் 'பீமாயணம்' என்னும் சித்திர நூலை வெளியிட்டது. கதையை அமைத்தவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் இணையர். மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு பழங்குடியினர். இந்நூல் தமிழிலும் வெளிவந்துள்ளது.

தண்ணீர், தங்குமிடம், பயணம் என மூன்று பகுதிகளாக அந்நூல் அமைந்துள்ளது. பள்ளியில் தாகமெடுத்த சிறுவன் பீமன் தானே குழாயைத் திறத்தல் ஆகாது. பணியாளர் வந்து திறந்துவிட வேண்டும். பணியாளர் வராத நாளில் தண்ணீர் இல்லை. 1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கோரேகாவில் காசாளராகப் பணியாற்றிய தந்தையைக் காண, ஒன்பது வயதான அவர் தம் அண்ணனோடும் அக்காள் மக்களோடும் ரயிலேறிச் செல்கிறார். எழுதிய கடிதம் தந்தையின் கைக்குச் சேராமையால், மசூர் நிலையத்தில் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. இவர்கள் மகர் குலப் பிள்ளைகள் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள இசையவில்லை. முடிவில் இருமடங்கு கூலி தந்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் உடன் நடந்து வருகிறான். கையில் உணவிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடையாமல் அன்றிரவு பட்டினி கிடக்கின்றனர்.

மேலைநாட்டில் கற்றுத் திரும்பிய பின் பரோடாவில் தங்க இடமின்றி, பார்சிகளின் விடுதி ஒன்றில் தம்மை மறைத்துக்கொண்டு பதினோரு நாள் இருந்து, தடியேந்தி வந்தோரால் வெளியேற்றப்பட்டதும், 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கைகால் கழுவியதற்காகத் தடுக்கப்பட்டதும் தொடர்ந்து வருகின்றன. பட்டம் பெற்றாலும், பதவி பெற்றாலும், மதம் மாறியோரிடம் சென்றாலும் அந்தத் தாகம் அவரை விட்டு நீங்கவில்லை என்பதை நூலின் அமைப்பே உணர்த்துகிறது.

இவ்வோவியர் இருவரும் செய்த ஒரு செயலை ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். படக்கதை என்றால் கட்டம் கட்டமாக வரைவது மரபு. தம் மாந்தரைக் கட்டத்துக்குள் அடைக்க இவர்கள் விரும்பவில்லை. எல்லாரும் மூச்சுவிடத் திறந்தவெளி வேண்டும் என்று கருதினர். மேலும், அன்பான சொல் பேசுவோரின் சொற்களைப் பறவை வடிவில் எழுதினர். நஞ்சு தோய்ந்த சொற்களுக்குத் தேளின் கொடுக்கை வரைந்தனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையும் அப்பக்கத்தைப் பார்த்தவுடன், யார் கொட்டினார்கள், யார் அணைத்தார்கள் என்று அறிந்துகொள்ளும். அமர் சித்திரக் கதை வரிசையில் 1979லேயே அண்ணலின் வரலாறு வந்தது. அதுவும் பல பிள்ளைகளைச் சென்றடைந்த நற்பணியே. எனினும், ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே எழுந்த ஓவியர்கள், தம் வீட்டுச் சுவரில் வரைந்து பழகிய கோடுகளாலேயே அக்கதையை வரைந்தபோது அது வேறு வலிமை பெற்றது.

நம் நாட்டில் நம்மவர் தன்வரலாறு எழுதவில்லையா எனில், எழுதினர். இதே ரயில் பாதையில் நமக்கு வடக்கே உள்ள மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 'பறையன்' இதழை 1893இல் தொடங்கியவர். வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்தவர். அவர் 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் கல்வி பயின்றபோது தம் குலம் மற்ற மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி எவரோடும் நெருங்காமல் இருந்ததையும், வெளியிலேயே நின்று படித்துக்கொண்டிருந்து மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைந்ததையும் குறிப்பிடுகிறார். மணிக்காகக் காத்து வெளியே நிற்கும் அம்மாணவரை ஒரு படமாக எண்ணிப் பாருங்கள். ஒரு நூற்றாண்டின் வரலாறு அந்த ஒரு படத்தில் அடங்கிவிடும்.

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலிலும் அத்தகைய காட்சி ஒன்று உண்டு. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தாங்காமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கி வருகிறார். பள்ளி விட்டு வரும் சிறுமி அதைக் கண்டு சிரிக்கிறாள். வீட்டில் அண்ணன் விளக்கிய பிறகே, தீட்டுப் படலாகாது என்று அவர் அவ்வாறு கொண்டுபோனார் என்பது அவளுக்குத் தெரிகிறது. முதலில் கண் கண்டது; பொருள் பிறகு வந்தது. குழந்தைகள் உலகை அறியும் முறை இதுவே. கே.ஏ. குணசேகரனின் 'வடு' 2005இல் வெளிவந்தது. இவையெல்லாம் எழுத்தில் நிற்கும் செல்வங்கள். இவற்றை அடைய, வாசித்துப் பழகிய கண் வேண்டும். அக்கண் வாய்க்கும் முன்பே பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைக்கு என்ன வழி?

வழி உண்டு என்பதற்குப் பீகாரைச் சேர்ந்த துலாரி தேவி சான்றாவார். மீனவக் குலத்தில் பிறந்து, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். ஓவியர் ஒருவரின் இல்லத்தில் பணிபுரிந்தபோது மதுபனி ஓவியம் கற்றார். எழுத்தறிவு பெறும் வாய்ப்பு இல்லாத அவர், தம் வாழ்க்கையைத் தம் தூரிகையாலேயே சொன்னார். அந்நூலை 2010இல் வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எழுத்தறியாதவர்க்கும் தன்வரலாறு உண்டு என்று அந்நூல் நமக்குக் கற்பிக்கிறது. எழுத்துத் தோன்றுவதற்கு முன்பே நம் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியால் தம் வாழ்வை வரைந்து வைத்தவர்களும் இதைத்தானே செய்தனர்?

இனி, முன்னர்ச் சொன்ன பிழைக்கு வருவோம். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் நாம் வேறோர் ஊரில் ஆறாம் வகுப்பிற்குச் சமூக அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தோம். பொங்கல் முடிந்ததும் ஒரு மாணவன் வருகையை நிறுத்தினான். பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கற்சூளைக்குக் கல் அறுக்கச் சென்றனர். அவனையும் உடன் அழைத்துப் போயினர். ஆண்டுத் தேர்வு நேரத்தில் எவ்வாறோ திரும்பி வந்தான். நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். தை மாதத்திற்குப் பின் ஒரு வரியும் இல்லை. பின்பக்கங்களில் பென்சிலால் ஆறு படங்கள் இருந்தன.

முதற்படத்தில் பானை சட்டிகளோடு மக்களை ஏற்றிய லாரி. இரண்டாவதில் அம்மா குந்தி அமர்ந்து அச்சில் மண்ணை அப்புகிறாள். மூன்றாவதில் பனைமரத்தடியில் கட்டிய தூளி. நான்காவதில் சூளைப் புகை. ஐந்தாவதில் கையில் கணக்கு நோட்டோடு நிற்கும் மேஸ்திரி. மற்றவர்களைவிட இருமடங்கு உயரம். ஆறாவதில் கட்டை விரலளவில் ஒரு பள்ளிக்கூடம். அதன் கதவு மூடியிருந்தது.

நாம் என்ன செய்தோம்? "பாடம் எழுதுகிற நோட்டில் கிறுக்கி வைத்திருக்கிறாயே, ஆளை எந்த அளவில் வரைவது என்றுகூடத் தெரியவில்லையே!" என்று கடிந்துகொண்டு, வகுப்பு முழுவதும் பார்த்திருக்க அத்தாள்களைக் கிழித்தோம். அவன் அழவில்லை, கிழித்த தாள்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. விசாரித்ததில், குடும்பமே சூளையோடு தங்கிவிட்டதாகச் சொன்னார்கள். இன்று அவன் எங்கிருக்கிறான் என்பதை நாம் அறியோம்.

பல ஆண்டுகள் கழித்துப் பீமாயணத்தைப் படித்தபோதுதான் நாம் கிழித்தது என்னவென்று நமக்குப் புரிந்தது. வரலாற்று நோட்டில் அவன் வரலாறுதான் எழுதியிருந்தான். மேஸ்திரியின் உயரத்தை அவன் தவறாக வரையவில்லை. அவன் வாழ்வில் மேஸ்திரி அந்த உயரமே இருந்தார். பள்ளிக்கூடம் அந்த அளவே இருந்தது. நம் தெருக்கூத்தில் அரசனுக்குப் புயக்கட்டையும் பெருங்கிரீடமும் வைத்துப் பெரிதாக்கிக் காட்டுவதை விடிய விடிய ரசித்த நாம், ஒரு பிள்ளை அதையே தாளில் செய்தபோது அளவு தெரியவில்லை என்றோம். வரலாறு கற்பிக்கச் சம்பளம் வாங்கியவர் நாம். ஆயினும் கண்முன் வந்த வரலாற்றைப் படிக்கத் தெரியாமல் போயிற்று.

இதனைக் கேட்கும் தாய்மார்களின் மனத்தில் ஒரு கேள்வி எழும். நம் தெருத் தாயார் ஒருவர் நம்மிடம் நேரிலேயே சொன்னார்: "ஐயா, நாங்க பட்டது எங்களோட போகட்டும். பிள்ளைக்கு அதெல்லாம் தெரிய வேண்டாம். அது படிச்சு மேலே வரட்டும்." இச்சொல்லை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. அவமானத்தைப் பிள்ளைக்குச் சொத்தாகத் தர எந்தத் தாயும் விரும்பாள். ஆயினும், நாம் சொல்லாமல் விடுவதால் பிள்ளைக்கு அது தெரியாமல் போகிறதா? இல்லை. வெளியூர்க் கல்லூரியில், விடுதியில், வாடகைக்கு வீடு கேட்கும் இடத்தில், ஒருநாள் அது அவனை எதிர்கொள்கிறது. அப்போது அது தனக்கு மட்டுமே நேர்ந்தது என்றும், தன்மீதே குறை உள்ளது என்றும் எண்ணி உள்ளுக்குள் ஒடுங்கிப் போகிறான். மசூர் ரயில் நிலையத்தில் நின்ற சிறுவனை முன்பே அறிந்த பிள்ளை அவ்வாறு ஒடுங்காது. இழிவு செய்தவர் பக்கமே இழிவு என்பதை அது அறிந்திருக்கும்.

கடல் கடந்த ஒரு சான்றையும் சொல்வோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஜான் லூயிஸ், பருத்தி விளையும் அலபாமா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1956இல், பதினாறு வயதில், உடன்பிறந்தாரோடு பொது நூலகத்திற்குச் சென்று உறுப்பினர் அட்டை கேட்டபோது, நூலகம் வெள்ளையர்க்கே உரியது என்று திருப்பி அனுப்பப்பட்டார். 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கின் மாண்ட்கோமரிப் பேருந்துப் போராட்டம் பற்றிப் பதினாறு பக்கப் படக்கதை ஒன்று பத்து சென்ட் விலையில் வெளிவந்தது. இளைஞர்களுக்கு அறப்போர் முறையைக் கற்பித்த நூல்களுள் அதுவும் ஒன்று. அதைப் படித்த லூயிஸ் முதுமையில், ஆண்ட்ரூ அய்டின், ஓவியர் நேட் பவல் ஆகியோரோடு சேர்ந்து, தம் வாழ்வையும் 'மார்ச்' என்னும் பெயரில் மூன்று சித்திரத் தொகுதிகளாகவே தந்தார். 2016இல் அதன் மூன்றாம் தொகுதிக்குத் தேசியப் புத்தக விருது கிடைத்தது. விருது மேடையில் அவர் அந்த நூலக நாளை நினைவுகூர்ந்து கண்கலங்கினார். நூலகத்துள் நுழையவிடாதவரின் கதை இன்று நூலகங்களில் இருக்கிறது.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நம் மாலை நேர வகுப்பின் நூலக அலமாரியில் பீமாயணத்தையும் அதுபோன்ற சித்திர நூல்களையும் வாங்கி வைத்தல் வேண்டும். பூட்டி வைக்கலாகாது, பக்கம் கிழிந்தாலும் பிள்ளைகள் கையில் புழங்கட்டும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் எட்டுப் பக்க நூலை ஆக்குதல் வேண்டும். இதற்குச் செலவில்லை. ஒரு பெரிய தாளை மும்முறை மடித்து, நடுவில் ஒரு கீறல் கீறி, மீண்டும் மடித்தால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். நம் வீடு, பாட்டி, மணிலா பிடுங்கும் நாள், பறையடித்த திருவிழா, ரயிலடி, சினந்த நாள், மகிழ்ந்த நாள் என எதை வேண்டுமானாலும் வரையலாம். துன்பத்தை மட்டும் வரைவித்தால் அதுவும் ஒரு கட்டத்துக்குள் அடைத்ததாகும். நம் வாழ்வில் சிரிப்பும் உண்டு.

மூன்றாவது, இதில் ஆசிரியர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி. வரையச் சொல்லலாம், குறிப்பிட்ட ஒன்றை வரையென்று வற்புறுத்தலாகாது. பிள்ளை மூடி வைத்த பக்கத்தைத் திறக்கலாகாது. அதன் இசைவின்றிச் சுவரில் ஒட்டலாகாது; விருந்தினர்க்குக் காட்டலாகாது. ஒரு படத்தில் அடியோ கொடுமையோ தெரிந்தால், ஓவியத்தைப் பாராட்டி அமைதல் போதாது. உடனே அப்பிள்ளைக்குத் துணையாக எழுதல் வேண்டும். கோடு கோணலாக உள்ளது என்று திருத்த முற்படுமுன், ஏன் அவ்வாறு வரைந்தது என்று கேட்டல் வேண்டும். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.

நம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய ஏடுகள் பல உள. கணக்கெடுத்தோர் நம்மை எண்ணினர்; ஆய்வு செய்தோர் அட்டவணையில் இட்டனர்; கதை எழுதியோர் சிலர் இரங்கினர், சிலர் இகழ்ந்தனர். நாம் நம்மை எவ்வாறு கண்டோம் என்பதற்கு நம் பிள்ளைகளின் கையெழுத்தும் கோடுமே சான்றாக நிற்றல் வேண்டும். இச்சங்கத்தின் பொன்விழா மலர் இன்னும் 25 ஆண்டுகளில் வெளிவரும். அம்மலரில் நம் போன்றோர் உரைகள் சிலவாகவும், இப்பிள்ளைகள் வரைந்த பக்கங்கள் பலவாகவும் இருக்கட்டும்.

அந்த ஆறு படங்களைத் திரும்ப ஒட்ட நம்மால் இயலாது. இனி வரும் தாள்களைக் கிழிக்காமல் காக்க நம் எல்லாராலும் இயலும்.